டீசல் வண்டியில் டிபிஎஃப் அடைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார், வேன் வைத்திருப்பவர்கள் எங்கள் ஷெட்டுக்கு வந்ததும் கேட்பது பெரும்பாலும் இந்த ஃபில்டரைப் பற்றித்தான். "அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று வேறு எங்கோ சொல்லியிருப்பார்கள். விலையைக் கேட்டுப் பயந்துபோய் வருவார்கள். பல வண்டிகளில் ஃபில்டரை மாற்ற வேண்டிய தேவையே இருக்காது. அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை, கேட்கப்படும் கேள்விகளாகவே இங்கே எழுதியிருக்கிறேன்.

டிபிஎஃப் என்றால் என்ன? வண்டியில் எங்கே இருக்கிறது?

டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் என்பதன் சுருக்கம். சைலன்சர் லைனில், பெரும்பாலான கார்களில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை ஒட்டியே, தகர உறைக்குள் இருக்கும். உள்ளே இருப்பது கார்டியரைட் அல்லது சிலிக்கன் கார்பைடில் செய்த பீங்கான் கட்டி. தேன்கூடு போல நீளவாக்கில் ஏராளமான சிறு துளைகள். ஒரு துளைக்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும். பக்கத்துத் துளைக்கு நேர்மாறாக இருக்கும். அதனால் புகை நேராக வெளியே போக முடியாது, சுவரை ஊடுருவித்தான் போக வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும்.

என் பழைய டீசல் வண்டியில் இந்தத் தொல்லை இல்லையே. இதை ஏன் வைத்தார்கள்?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்தது. டீசல் கார் வெளியிடலாம் என்றிருந்த நுண்துகள் அளவு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. ஃபில்டர் இல்லாமல் அந்த அளவுக்குள் வருவது கடினம். டீசலில் உள்ள கந்தகத்தையும் 50 பிபிஎம்மிலிருந்து 10 பிபிஎம்முக்குக் குறைத்தார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது. ஷெட்டில் நாள் முழுக்க அந்தப் புகையைச் சுவாசித்த எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஃபில்டர் வந்தது பெரிய நன்மை.

அடைப்பு என்றால் கரியா, சாம்பலா?

இரண்டுமே. ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கரி மீண்டும் எரியும். சாம்பலை எத்தனை தடவை பற்றவைத்தாலும் எரியாது, அள்ளித்தான் போட வேண்டும்.

ஃபில்டரில் சேரும் கரியை வண்டியே எரித்துக்கொள்கிறது. இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். ஷெட்டில் ரீஜென் என்போம். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது கொஞ்சம் கரி தானாகவே எரியும். அது போதாதபோது இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளித்து, ஃபில்டருக்கு முன்னால் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரிக்குக் கொண்டுபோய் எரிக்கும். சாம்பல் வருவது இன்ஜின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்களிலிருந்து. அது மெல்லச் சேரும். சரியான ஆயில் ஊற்றி வந்த வண்டியில் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் பெரும்பாலும் அந்தப் பேச்சே வரும். 40,000 கிலோமீட்டரில் அடைத்தால் அது கரி. கரியை எரிக்க முடியாமல் ஏதோ தடுக்கிறது என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும்.

சில சமயம் ஐட்லிங் ஏறுகிறது, வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடுகிறது, சூட்டு வாடை வருகிறது. பழுதா?

இல்லை. ரீஜென் நடக்கிறது. 800-இல் இருக்கும் ஆர்பிஎம் 1000 பக்கம் போகும், அந்த நேரத்து மைலேஜ் குறைவாகக் காட்டும். முடிந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் கூட ஓட்டி முடியவிடுங்கள். ஒருமுறை பாதியில் அணைத்தால் ஒன்றும் ஆகாது. தினமும் பாதியில் அணைத்தால்தான் கரி ஏறும்.

உண்மையிலேயே அடைத்திருந்தால் எப்படித் தெரியும்?

பிக்கப் குறையும், மேட்டில் இழுக்காது, மைலேஜ் இறங்கும். ரீஜென் அடிக்கடி வரும். நல்ல வண்டியில் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வருவது, ஐம்பது நூறு கிலோமீட்டரிலேயே வரும். டேஷ்போர்டில் புள்ளிகளோடு கூடிய பெட்டி போன்ற மஞ்சள் விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் செக் இன்ஜின் விளக்கு சேர்ந்துகொள்ளும், கடைசியில் வண்டி தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போய் வேகம் எடுக்காது.

பிக்கப் குறைவுக்கு ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் அறிகுறியை மட்டும் வைத்து டிபிஎஃப்தான் என்று முடிவு கட்டக் கூடாது.

மஞ்சள் விளக்கு இன்றுதான் எரிந்தது. என்ன செய்யட்டும்?

விளக்கு ஒன்று மட்டும், மினுக்காமல் எரிகிறது, வண்டி நன்றாக இழுக்கிறது என்றால் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். சென்னைக்காரர்களிடம் பெருங்களத்தூர் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு வரை போகச் சொல்வேன். டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் பல வண்டிகள் ரீஜெனைத் தொடங்கவே தொடங்காது. இன்ஜின் சூடான பிறகு ஒரு கியர் குறைவாக வைத்து 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில், 20 – 30 நிமிடம் சீராக ஓட்டுங்கள். வேகம் முக்கியம் இல்லை, வெப்பம் இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும்.

விளக்கு மினுக்கினாலோ, செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, வண்டி இழுக்காவிட்டாலோ இதைச் செய்ய வேண்டாம். நேராக ஸ்கேன் செய்யக் கொண்டுபோங்கள்.

ஸ்கேனரில் டிபிஎஃப் கோடு (பழுதுக் குறியீடு) வந்தது. அப்படியென்றால் ஃபில்டர் போய்விட்டதா?

கோடு எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது. பி2463 என்றால் கரி அதிகம் சேர்ந்துவிட்டதாக இசியூ, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர், நினைக்கிறது. பி242எஃப் என்றால் சாம்பல் நிறைந்துவிட்டதாகக் கணக்குப் போடுகிறது. பி2453 ஃபில்டரைப் பற்றியதே இல்லை. அதன் பிரஷர் சென்சார் தரும் அளவு நம்பும்படி இல்லை என்பது. பி244ஏ அழுத்த வேறுபாடு மிகக் குறைவு, பி244பி மிக அதிகம். பி2002 ஃபில்டர் சரியாக வடிகட்டவில்லை என்பது. இது அடைப்புக்கு எதிர்ப்பக்கம், விரிசலாகவும் இருக்கலாம், சென்சார் குழாய் கழன்றதாகவும் இருக்கலாம்.

கூடவே வேறு கோடு இருந்தால் அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பி0401 என்ற இஜிஆர் (புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் அமைப்பு) கோடோ, பி0299 என்ற டர்போ அழுத்தக் குறைவுக் கோடோ சேர்ந்து நின்றால் டிபிஎஃப் கோடு அதன் விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோடை அழித்துவிட்டு வண்டியைக் கொடுக்கும் இடத்தில், அழிப்பதற்கு முன் எல்லாக் கோடுகளையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பை உறுதி செய்யும் சோதனை எது?

அழுத்த வேறுபாட்டைப் படிப்பது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் ஒரு சின்ன சென்சாருக்குப் போகும். முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது சொல்லும். ஃபில்டர் அடைக்க அடைக்க வித்தியாசம் ஏறும். ஸ்கேனரில் கோடு பக்கத்தை மூடிவிட்டு லைவ் டேட்டாவுக்குப் போனால் இந்த எண் தெரியும்.

மூன்று நிலையில் படிக்க வேண்டும். முதலில் சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல். இன்ஜின் ஓடாதபோது அழுத்தம் ஏது? எண் பூஜ்யம், அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும். அடுத்து இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில். நல்ல ஃபில்டரில் பெரும்பாலும் 1 கிலோபாஸ்கலுக்குள், அதாவது 10 மில்லிபாருக்குள் நிற்கும். மூன்றாவது, நின்ற இடத்திலேயே 2500 ஆர்பிஎம் பிடித்து. எண் சீராக ஏறி, ஆக்சிலரேட்டரை விட்டதும் சீராக இறங்க வேண்டும். ஐட்லிங்கிலேயே 2, 3 என்று நின்று, 2500-இல் 8, 10 என்று தாவினால் அடைப்புதான். வண்டிக்கு வண்டி எண் மாறும் என்பதால் அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எல்லையே கடைசி வார்த்தை.

முதல் நிலையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். போரூர் பக்கமிருந்து ஒரு டாக்சி வந்தது. ஃபில்டர் முழுசாக மாற்ற வேண்டும் என்று ஒரு இடத்தில் எழுதியே கொடுத்திருந்தார்கள். ஐட்லிங்கில் 3.9 கிலோபாஸ்கல் காட்டியது. பார்த்தால் அடைப்பு மாதிரிதான். இன்ஜினை அணைத்துச் சாவியை மட்டும் ஆன் செய்தேன். 3.1. இன்ஜின் ஓடவே இல்லை, ஆனால் சென்சார் 3.1 காட்டுகிறது. இரண்டு குழாயையும் சென்சாரிலிருந்து பிடுங்கிக் காற்றில் விட்டேன். அப்போதும் 3.1. ஐட்லிங்கில் உண்மையான வித்தியாசம் 0.8தான், மிச்சமெல்லாம் சென்சாரின் பிழை. சென்சாரை மாற்றி, ஸ்கேனரில் புது சென்சாரைப் பதிவு செய்து, ஒரு ரீஜென் ஓட்டியதும் வண்டி கிளம்பியது. "அண்ணே, ஃபில்டர்னு சொல்லி ரெண்டு வாரமா வண்டியை நிறுத்திட்டேனே" என்றார் அந்த டாக்சி ஓட்டும் தம்பி. இரண்டு வாரச் சவாரி வருமானம் போயிருக்கிறது. ஒரு நிமிடச் சோதனை அது.

எண் தப்பாகக் குறைந்து காட்டுவதும் உண்டு. முன்பக்கக் குழாய் எலி கடித்தோ, சூட்டில் வெடித்தோ ஒழுகினால், அல்லது கரி அடைத்துக்கொண்டால், ஆர்பிஎம் ஏற்றினாலும் எண் அசையாது. குழாயை இரு முனையிலும் கழற்றி ஊதிப் பாருங்கள். குழாய் சென்சாரில் மாட்டியிருக்கும்போது மட்டும் காற்றுக் குழலை வைத்து அடிக்காதீர்கள், சென்சார் போய்விடும்.

ஸ்கேனர் இல்லாமல் நானே ஏதாவது பார்க்க முடியுமா?

கொஞ்சம் பார்க்கலாம். வண்டி ஆறிய பிறகு சைலன்சர் முனைக்குள் வெள்ளைத் துணியோ டிஷ்யூவோ விட்டுத் துடையுங்கள். டிபிஎஃப் நன்றாக வேலை செய்யும் வண்டியில் தூசு மாதிரி லேசாக ஒட்டும், அவ்வளவுதான். மைபோலக் கரி வந்தால் ஃபில்டர் உள்ளே வெடித்திருக்கிறது, அல்லது யாரோ குடைந்து எடுத்திருக்கிறார்கள். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்து, மோந்தால் டீசல் வாடை வந்தால், ரீஜென் திரும்பத் திரும்பத் தொடங்கி முடியாமல் போகிறது என்று அர்த்தம். கடைசியாக, நெடுஞ்சாலையில் ஓடும்போது இன்ஜின் சூட்டு முள் நடுவுக்கு வராமல் கீழேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அடைத்தது உறுதி. ஏன் அடைத்தது?

இந்தக் கேள்வியை வாடிக்கையாளர்கள் குறைவாகவே கேட்கிறார்கள். நானோ இதற்குப் பதில் கிடைக்காமல் ஃபில்டரைத் தொட மாட்டேன்.

பழைய டீசல் வண்டியில் இன்ஜெக்டர் ஒழுகினால் கரும்புகை வரும். ஹோஸ் கிழிந்தால் கரும்புகை வரும். புகையைப் பார்த்தே மெக்கானிக் நோயைச் சொல்லிவிடுவார். இப்போது அந்தப் புகையை ஃபில்டர் பிடித்து வைத்துக்கொள்கிறது, வெளியே ஒன்றும் தெரியாது. இன்ஜினில் பழுது இருக்கிறது என்பதே ஃபில்டர் நிறைந்த பிறகுதான் தெரிய வருகிறது. ஃபில்டரை மட்டும் சுத்தம் செய்து மாட்டினால் அதே கரி மறுபடி வந்து நிறையும்.

ஒரு வேனுக்கு ஆறு மாதத்தில் இரண்டு முறை ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள். மூன்றாவது முறை அடைத்து எங்களிடம் வந்தது. 70 கிலோமீட்டருக்கு ஒரு ரீஜென். வண்டியைத் தூக்கிவிட்டு லைட் அடித்துப் பார்த்தபோது டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்பை ஒட்டி, விரல் நீளத்துக்கு எண்ணெய் கசிந்து அதில் புழுதி அப்பியிருந்தது. துடைத்து வளைத்துப் பார்த்தால் ஒரு கீறல். நின்றபடி பார்த்தால் மூடியே இருக்கும். டர்போ அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். இன்ஜினுக்கு வேண்டிய காற்று அதில் வெளியே போக, டீசல் முழுசாக எரியாமல் கரியாகப் போயிருக்கிறது. ஹோஸ் மாற்றிய பிறகுதான் அந்த வேனில் ரீஜென் இடைவெளி பழையபடி நீண்டது.

இன்ஜின் சூட்டு முள் விஷயத்துக்கு வருகிறேன். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கூலன்ட் 85, 90 டிகிரிக்கு ஏறாமல் 60, 65-இலேயே நிற்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இசியூ ரீஜெனுக்கு அனுமதி தராது. ஓட்டுபவருக்கு எந்தக் குறையும் தெரியாது, "சூடே ஆகலை, நல்லதுதானே" என்பார். சின்ன வால்வு ஒன்று ஒரு ஃபில்டரையே நிறைத்துவிடும்.

மற்றபடி இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்குவது, இன்ஜெக்டர் ஒழுகுவது, சைலன்சரில் உள்ள வெப்ப சென்சார் தப்பாகக் காட்டுவது, கலப்பட டீசல். பழுது எதுவும் இல்லாமல் ஓட்டும் முறையால் அடைப்பதும் நிறைய உண்டு. பள்ளிக்கூடம், கடை, வீடு என்று தினம் நான்கு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு, ஏசி போட்டு நிழலில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் வண்டிக்கு ஃபில்டர் சூடாகவே நேரம் கிடையாது. அப்படித்தான் ஓட்டம் இருக்கும் என்றால் டீசல் வண்டி வாங்க வேண்டாம் என்று கேட்பவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எந்த ஆயில் ஊற்ற வேண்டும்?

சாம்பல் குறைவான ஆயில். கார் என்றால் டப்பாவில் ஏசிஇஏ (ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கம்) தரும் சி2, சி3 போன்ற சி வகைக் குறியீடு இருக்க வேண்டும்; உங்கள் வண்டிக்கு எது என்று ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். பிஎஸ்4 வண்டிக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆயிலை ஊற்றாதீர்கள். மேலே சொன்னபடி ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். டீசல் கலந்த ஆயிலின் பிசுபிசுப்பு போய்விடும். டர்போவும் பேரிங்கும் அடிவாங்கும்.

ஸ்கேனரில் வைத்து ரீஜென் செய்தால் போதுமா?

ஃபோர்ஸ்டு ரீஜென் என்பார்கள். மூல காரணத்தைச் சரிசெய்த பிறகு, கரி அளவு தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் இருந்தால் நல்ல வழி. அரை மணி நேரம் பிடிக்கும். எல்லைக்கு மேல் கரி இருக்கும்போது கட்டாயப்படுத்தி எரித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றி வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும், பீங்கான் வெடித்துவிடும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். வண்டிக்குக் கீழே காய்ந்த புல், சருகு, எண்ணெய்த் துணி எதுவும் இருக்கக் கூடாது. சைலன்சர் முனைப் பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள்.

நடக்கும்போது ஸ்கேனரில் ஃபில்டருக்கு முன்னாலுள்ள வெப்பத்தைப் பாருங்கள். 300-ஐத் தாண்டி ஏறவே இல்லை என்றால் கோளாறு கரியில் இல்லை. முன்னால் இருந்து, தெளித்த டீசலை எரித்து வெப்பம் உண்டாக்கும் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்டோ, வெப்ப சென்சாரோ, இன்ஜெக்டரோ வேலை செய்யவில்லை.

கழற்றிக் கழுவலாமா? வாட்டர் சர்வீஸில் அடித்தால் போகாதா?

சாம்பல் சேர்ந்த ஃபில்டருக்குக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் வழி. அதற்கென்றே மெஷின் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்திலிருந்து தண்ணீரும் காற்றும் அளவான அழுத்தத்தில் செலுத்தி, நன்றாக உலர்த்தி, முன்னும் பின்னும் எடை போட்டுக் காட்டுவார்கள். அந்த எடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராக வைத்து அடித்தால் பீங்கான் பூச்சு உதிரும், கரி இன்னும் உள்ளே போய் இறுகும். ஆசிட் ஊற்றுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மாட்டிய பிறகு அதே மூன்று நிலையில் அழுத்தத்தைப் படித்து முன்பு எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஸ்கேனரில் கணக்கையும் திருத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் இசியூ பழைய சாம்பல் கணக்கையே வைத்திருக்கும்.

டீசலில் ஊற்றும் டிபிஎஃப் கிளீனர் பயன்படுமா?

கரி எரியும் வெப்பத்தைக் கொஞ்சம் குறைக்க சில வகை உதவும். சாம்பலையோ கிழிந்த ஹோஸையோ எதுவும் செய்யாது.

ஃபில்டரையே எடுத்துவிட்டு மேப்பை (இசியூவில் உள்ள புரோகிராமை) மாற்றிவிட்டால்?

செய்ய மாட்டோம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த நிலையிலிருந்து இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. மாசு வரம்பை மீறி ஓட்டினால் பிரிவு 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. அதைவிட, வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய கரி. சிக்னலில் உங்கள் சைலன்சருக்குப் பின்னால் ஸ்கூட்டியில் நிற்கும் குழந்தையின் மூக்குக்கு நேராக அது போகிறது.

டிஇஎஃப் ஊற்றினால் டிபிஎஃப் சுத்தமாகுமா?

ஆகாது. டிஇஎஃப் அல்லது ஆட்புளூ என்பது யூரியாக் கரைசல். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் வேறொரு கருவிக்குப் போவது, அதற்குத் தனி டேங்க் உண்டு. டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் தொடாமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

பழைய பிஎஸ்6 டீசல் வண்டி வாங்கப்போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மூன்று நிலையிலும் அழுத்த வேறுபாடு, கரி அளவு, கடைசி ரீஜெனுக்குப் பிறகு ஓடிய தூரம், சாம்பல் கணக்கு, கூலன்ட் வெப்பம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடுகள் ஒன்றுகூட இல்லாமல், கோடு அழித்த பிறகு ஓடிய தூரம் மட்டும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்று காட்டினால், உங்களுக்குக் காட்டுவதற்காக அன்று காலையில்தான் அழித்திருக்கிறார்கள். ஆர்பிஎம் ஏற்றியும் அழுத்தம் பூஜ்யத்திலேயே நின்று, சைலன்சர் முனையில் கறுப்பாகக் கரி ஒட்டினால், உள்ளே ஃபில்டர் இல்லை. புது ஃபில்டரின் விலையை முதலில் விசாரித்துக்கொண்டு, அதைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். ஒத்துவராவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.